சம்ப்புக்குக் கட்டிய ரிப்பன்

என் கணவர் ராணுவ ஹெலிகாப்டர் பிரிவில் மெக்கானிக். ராஜஸ்தான் பாலைவன எல்லைக்குப் போக அவர்கள் பிரிவுக்கு உத்தரவு வந்ததும், கிளம்பும் முன் சில நாள் லீவு கொடுத்து செம்பாக்கம் வீட்டுக்கு அனுப்பினார்கள். லீவு என்று நான் நினைத்தேன். ஒத்திகை என்று அவர் நினைத்துவிட்டார்.

பாலைவனத்தில் எதிரியைவிட மணல்தான் பெரிய தொல்லையாம். இன்ஜினில் புகும், குழாயில் புகும், கண்ணுக்குத் தெரியாத ஓட்டையிலும் புகும். அதனால் தரையில் நிற்கும் ஹெலிகாப்டரின் ஓட்டைகளுக்கெல்லாம் உறை போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்பு ரிப்பனைத் தொங்கவிடுவார்கள். பறக்கும் முன் எல்லாம் கழற்றியாயிற்றா என்று தூரத்திலிருந்தே தெரியவேண்டும். கூடவே இவருடைய மேஜர் போட்ட விதி ஒன்று: கட்டியவர்தான் கழற்ற வேண்டும். அடுத்தவர் கை வைத்தால் குழப்பம்.

உறை தைக்கும் வேலை இவருக்கு. கை பழகட்டும் என்று என் தையல் மெஷினில் உட்கார்ந்தார். துணி ஏது என்று நான் கேட்கவில்லை. கொடியில் காய்ந்த என் சிவப்புப் பாவாடையைக் காணோம் என்றபோதுதான் விளங்கியது.

மறுநாள் காலை மிக்சி வாயில் ரிப்பன். வாஷிங் மெஷின் குழாயில் ரிப்பன். காலிங் பெல்லுக்குக்கூட ஒரு குல்லா. பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தக் கிளம்பினால், ஸ்கூட்டர் ஒருமுறை உறுமிவிட்டு உயிரை விட்டது. பின்னால் போய்ப் பார்த்தேன். சைலன்சர் ஓட்டையில் என் பாவாடை.

"கை வைக்காதே. கட்டினவன் நான்" என்று பேஸ்ட் நுரை வழிய மாடியிலிருந்து ஓடி வந்தார்.

"டீச்சரே லேட்டா போனா பசங்க சிரிப்பாங்க."

"பைலட் கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

அந்த ஸ்கூட்டருக்கு பைலட்டே நான்தான். சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை.

அன்று மாலை தண்ணீர் லாரி வந்தது. மேடவாக்கம் டிராஃபிக்கில் நொந்துபோய் வந்த டிரைவர், தரைக்கடியில் தண்ணீர் நிரப்பும் சம்ப்பின் மூடியில் ரிப்பனைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"இன்னாக்கா, சம்ப்புக்கு ரிப்பன் கட்டிக்கீறீங்க. தொறப்பு விழாவா? கவுன்சிலர் வராரா?"

"வீட்டுக்காரர் வரணும்ணா. அவர்தான் கழட்டணுமாம்."

இவரோ சலூனுக்குப் போயிருந்தார். போன் செய்தேன். விதியைக் கேட்ட டிரைவர், "மிலிட்டரி மேட்டரு, நமக்கு இன்னாத்துக்கு பேஜாரு" என்று ஹோஸைக் கீழே போட்டுவிட்டு டீ குடித்தார். ஒரு பக்கம் மட்டும் முடி வெட்டிய தலையோடு ஓடி வந்த என் கணவர், விறைப்பாக நின்று ரிப்பனை அவிழ்த்தார். டிரைவர் கை தட்டினார்.

வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டே உள்ளே போனவள், சமையலறையில் நின்று அழுதேன். டிவி செய்தியில் எல்லை வரைபடத்தைப் போட்டுவைத்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பயமாக இருந்தது. போகிறவர் நல்லபடியாகத் திரும்பி வரவேண்டும், அது ஒன்றுதான் மனதில் ஓடியது. அவரும் அதைப் பேசவில்லை. பேசாமலிருக்கத்தான் மனுஷன் ஓயாமல் மணலைப் பற்றியே பேசுகிறார் என்று அப்போது புரிந்தது. சைலன்சர் கோபமெல்லாம் போய்விட்டது.

கிளம்பும் நாளில் வீட்டிலிருந்த ரிப்பன்களையெல்லாம் அவரே கழற்றி மடித்து வைத்தார். தாம்பரம் ஸ்டேஷனில் ரயில் வந்து நின்றதும், பாவாடையில் மிச்சமிருந்த ஒரு துண்டை என் கைப்பையிலிருந்து எடுத்து அவருடைய பையின் பிடியில் கட்டினேன். முடிச்சு மேல் முடிச்சாகப் போட்டேன்.

"என்ன இது?"

"ரிப்பன். கட்டினது நான்."

முடிச்சை ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.

"எனக்குப் பயமா இருக்குங்க. வேற யாரும் இதைக் கழட்டக் கூடாது. நீங்களும்தான்."

விதி என்று வந்துவிட்டால் பெற்ற தாய்க்கும் விட்டுக்கொடுக்காத ஆள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, சரி என்று தலையாட்டினார்.

போன வாரம் வீடியோ காலில் பையைக் காட்டினார். ரிப்பனும் மணல் நிறமாகியிருந்தது. ஆய்வுக்கு வந்த மேஜர், இந்தக் கந்தலைக் கழற்றி எறி என்றாராம்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"முடியாது சார், கட்டினவங்க செம்பாக்கத்துல இருக்காங்க, நான் அங்க போயாகணும்னு சொன்னேன்."