கூரை விளிம்பில் சாக்பீஸ் கோடு

என் பழைய மூக்கு லாரி அவனியாபுரத்தில் ஒரு பட்டறையில் நிற்கிறது. அதன் கதவுக்கு மேலே, மழைத்தண்ணீர் உள்ளே வராமல் ஓரமாக வழிந்துபோக ஒரு தகர விளிம்பு உண்டு. அதை அறுத்தெடுத்தால் கூரை வழவழவென்று இருக்கும் என்று, கைபேசியில் ஏதோ படத்தைப் பார்த்துவிட்டு ஆசைப்பட்டவன் நான்தான்.

அங்கே டிங்கர் வேலை பார்ப்பவர் கறாரான ஆள். அறுக்க வேண்டிய இடத்தில் வண்டிக்காரரே தன் கையால் சாக்பீஸ் கோடு போட வேண்டும். இல்லையென்றால் கட்டிங் மெஷினைத் தொடமாட்டார்.

"கூரையும் பக்கத் தகரமும் அந்த விளிம்புலதான்ணே சேருது. அறுத்தா நீளத்துக்கும் வெல்டிங் அடிக்கணும். சூட்டுல தகரம் நெளிஞ்சா என்னைய வையக்கூடாது" என்றார்.

மூன்று முறை கோடு போட்டேன், மூன்று முறையும் அழித்தேன். ஐம்பத்தாறு வயதில் இப்படியா என்று என்மேலேயே எரிச்சல் வந்தது. நான்காவது முறை அழுத்திப் போட்டேன். "அறுத்துருங்க" என்று சொல்லிவிட்டு எதிரே டீக்கடைக்குப் போனேன்.

முதல் மடக்கு தொண்டையில் இறங்குவதற்குள் மெஷின் கிறீச்சிட்டது. டம்ளரை வைத்தேனா, போட்டேனா, தெரியாது. ஷேர் ஆட்டோக்களுக்கு நடுவே ஓடினேன்.

அவர் வேறொரு வண்டியின் மட்கார்டை அறுத்துக்கொண்டிருந்தார். என் கோடு அப்படியே இருந்தது. மூச்சு வாங்க, உள்ளங்கையால் அதைத் துடைத்தேன்.

அவர் மெஷினை நிறுத்தினார். "ஓடி வருவீங்கன்னு தெரியும்ணே. சாக்பீஸைக் குடுத்துட்டு நிம்மதியா வீட்டுக்குப் போங்க."

கொடுக்கவில்லை. இதை எழுதும்போதும் அது என் சட்டைப் பையில்தான் இருக்கிறது.