ஏற்றிய மூட்டையை இறக்கிய நாள்

எனக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். ஆனாலும் தொண்ணூறுகளில் அம்பத்தூரில் எட்டுப் பெண்களை வைத்து வேலை வாங்கினேன். ஒரு கம்பெனிக்கு ரப்பர் வாஷர்களின் ஓரப் பிசிறைக் கத்தரித்துக் கொடுப்போம். கத்தரி உள்ளே பட்டு வெட்டுப்பட்ட வாஷர் கலந்திருந்தால் மூட்டையே திரும்பி வரும். ஒருநாள், இன்னொரு மூட்டை திரும்பினால் வேலையே கிடையாது என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள்.

"யாரு மூட்டை திரும்புதோ, அவ நாளைலேர்ந்து வர வேணாம்" என்று நானும் பெண்களிடம் சொல்லி வைத்தேன்.

மறுநாள் டெம்போ கிளம்பும் நேரத்தில் எங்கள் ஸ்டெல்லா ஓடிவந்தாள். "அக்கா, வண்டிய நிறுத்து. என் மூட்டையில வெட்டுப்பட்டது கலந்துட்ச்சிக்கா."

டிரைவர் ஹாரன் அடித்தார். "இன்னாம்மா, கம்பெனி கேட்டை மூடிட்டா நானா பதில் சொல்றது?"

மற்ற பெண்கள் என் வாயையே பார்த்தார்கள். சொன்ன சொல்லை நானே மீறினால் நாளைக்கு யார் மதிப்பார்கள்?

"மூட்டைய எறக்குப்பா. ஸ்டெல்லா, இங்க குந்து. சேர்ந்து பொறுக்கலாம்" என்றேன்.

இருவரும் மூட்டையைக் கொட்டிப் பொறுக்க ஆரம்பித்தோம். பிறகு கன்னியம்மா மெதுவாக, "அக்கா, என்னுதுலயும் கீது" என்றாள். அவளைப் பார்த்து இன்னொருத்தியும் தன் மூட்டையை இறக்க எழுந்தாள்.

டெம்போ தாமதமாகத்தான் போனது. கம்பெனி வாசலில் நான் நன்றாகத் திட்டு வாங்கினேன். ஆனால் ஒரு மூட்டையும் திரும்பவில்லை.

பயம் இருந்தால்தான் வேலை சுத்தமாக நடக்கும் என்று நம்பியிருந்தவள் நான். அன்று ஸ்டெல்லாவை வேலையை விட்டு அனுப்பியிருந்தால், மற்ற இரண்டு மூட்டைகளும் சத்தமில்லாமல் வண்டியிலேயே போயிருக்கும்.