மிளகுக் கிடங்கில் ஒரு நேர்முகம்

மாத்தளையில் மிளகு வாங்கி விற்கும் முதலாளி அவர். தலையில் வெள்ளைத் தொப்பி, கன்னத்துக்குள் எப்போதும் ஒரு கராம்பு. வேலை கேட்டு வருகிறவர்களைக் கடை வாசலில் வைத்துப் பேசமாட்டார். பெண்கள் மிளகு புடைக்கிற பின்கிடங்குக்கே கூட்டிப் போவார்.

அன்று கிடங்கு வேலைக்கு இரண்டு பேர் போனோம். மற்றவர் பி.ஏ., முதல் வகுப்பு. நான் எட்டாம் வகுப்போடு எல்கடுவத் தேயிலைத் தோட்டத்தை விட்டு ஓடியவன். வேலை கிடைத்தால்தான் அன்றைக்குச் சாப்பாடு.

முதலாளி பட்டச் சான்றிதழை வரி வரியாக வாசித்தார். "மாஷா அல்லாஹ்! நல்லாப் படிச்சிருக்கீங்க."

என்னிடம் காட்ட ஒரு தாளும் இல்லை. அதற்குள் மிளகுத் தூசு எழும்பி எங்களை மூடியது. பட்டதாரி தும்மத் தொடங்கினார், நிறுத்தவே முடியவில்லை.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "தம்பி, உங்களுக்கு எவ்வளவு மார்க்கு?"

வாயைத் திறந்தால் நானும் தும்மிவிடுவேன். மூச்சை அடக்கிக்கொண்டு வெறுங்கையை விரித்தேன். கண்ணில் நீர் முட்டியது.

"மூக்கு பாஸ்! நாளைக்குக் காலையில வந்துடுங்க," என்றார். பிறகு பட்டதாரியிடம், "நீங்க மேல்மாடிக்கு வாங்க. கொழும்புக்குக் கடிதம் எழுத ஆள் வேணும். அது இவரால ஏலாது."

தெருவுக்குப் பாய்ந்தேன். அடக்கி வைத்திருந்ததெல்லாம் வெடித்தது. கடைத்தெருவே திரும்பிப் பார்த்தது.

உள்ளேயிருந்து முதலாளியின் குரல் வந்தது: "தும்மினா அல்ஹம்துலில்லாஹ் சொல்லணும் தம்பி!"

நான் அடக்கிக்கொண்டு நின்றது அவருக்கு முன்பே தெரியுமா? தெரிந்துதான் வேலை தந்தாரா? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.