ட்ரம்பெட்காரர் காலடியில் என் துணி

மைசூரில் ஒரு பல்கலைக்கழகக் கலையரங்கத்தைப் பதினோரு வருஷமாகக் கூட்டித் துடைக்கிறேன். போன வருஷம் அங்கே ட்ரம்பெட் மாதிரியான பித்தளை வாத்தியங்களுக்கென்றே இசை விழா நடந்தது. காலையில் மேடையைத் துடைத்து முடித்த கையோடு, ஒத்திகைக்கு வந்த சிறப்பு விருந்தினர் தன் ட்ரம்பெட்டில் ஒரு சின்ன மூடியை அழுத்தினார். என் மரத்தரையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவருக்கு எங்கே தமிழ் தெரியப்போகிறது என்ற தைரியத்தில், "கோட்டு போட்டிருந்தா என்ன, எச்சில் துப்ப என் மேடைதான் கிடைச்சுதா?" என்று முணுமுணுத்தேன்.

அவர் திரும்பினார். "கோவிச்சுக்காதீங்கக்கா. ஊதுற மூச்சு உள்ள குளிர்ந்து தண்ணியாயிரும். வெளிய விடலைன்னா சத்தம் கரகரங்கும். நானும் தமிழ்தான், இங்க கொள்ளேகால் பக்கம். ஒரு துணி இருந்தா குடுங்க."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. கையிலிருந்த தரைத் துணியையே நீட்டினேன்.

சாயங்காலம் கதவோரம் நின்று கச்சேரி கேட்டேன். அத்தனை விளக்கு வெளிச்சத்தில், அவர் ஷூவுக்குப் பக்கத்தில் என் துணி விரிந்து கிடந்தது. ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் அதன்மேல்தான் தண்ணீரை விட்டார்.

விழா முடிந்து பின்பக்கம் போனால், குழாயடியில் கோட்டுக் கையை மடித்துவிட்டு அந்தத் துணியை அலசிக்கொண்டிருந்தார்.

"வைங்க, நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

"என் மூச்சுதானேக்கா" என்று பிழிந்து, உதறி, வாளி விளிம்பில் போட்டார்.

இத்தனை வருஷத்தில் என் துணியை இன்னொரு கை பிழிந்து நான் பார்த்ததில்லை. இப்போதெல்லாம் வாத்தியக்காரர்கள் வருகிறார்கள் என்றால், யாரும் கேட்பதற்கு முன்பே ஒவ்வொரு நாற்காலியடியிலும் ஒரு துணி போட்டுவைக்கிறேன். துவைத்த துணி.