சிவப்புத் துணி கட்டிய மரம்

நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். ஆய்வுப் போட்டி ஒன்றுக்காக என் மாணவிகள் மூவர் டிக்கோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் எறும்பு வகைகளைக் கணக்கெடுத்தார்கள். வழிகாட்டி நான். எண்ணும் இடங்களில் அடையாளத்துக்குச் சிவப்புத் துணி கட்டச் சொன்னதும் நான்தான்.

அன்று மழை இருட்டிக்கொண்டு வந்தது. பெரிய மரமொன்றில் சிவப்புத் துணி தெரிந்தது.

"சேர், இது நாம கட்டுனது இல்ல போல," என்றாள் கவிதா. அவள் அம்மா அதே மலையில் கொழுந்து பறிப்பவர்.

"நேரமில்லை, போய் எண்ணு," என்று கடிந்துகொண்டேன்.

மூவரும் மரத்தடிக்குப் போனதும் தலைக்கு மேலே இரைச்சல் கிளம்பியது. குளவி! கூடு இருக்கும் மரத்தில் தொழிலாளர்கள் சிவப்புத் துணி கட்டுவார்களாம். நான் யாரிடமும் கேட்டதே இல்லை. பிள்ளைகள் அலறினார்கள்.

"ஓடாதீங்க! படுங்க!"

கத்திக்கொண்டே கவிதாவின் அம்மா மேலேயிருந்து ஓடி வந்தார். மழைக்கு இடுப்பில் கட்டியிருந்த தடித்த படங்குத் துணியை அவிழ்த்துப் பிள்ளைகளை மூடி, அதன் மேலேயே குப்புறப் படுத்துக்கொண்டார். நான் தேயிலைச் செடிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடந்தேன்.

ஆஸ்பத்திரியில் அவருடைய கண்கள் வீங்கி மூடியிருந்தன. என் குரல் கேட்டதும், "சேர், புள்ளைங்க எழுதுன தாள் நனையலையே?" என்றார்.

மகள் சொல்லியும் கேட்காமல் அனுப்பியது நான்தான் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. கவிதா சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. பெற்றோர் கூட்டத்தில் அவர் என்னைப் பார்த்துக் கும்பிடும்போதெல்லாம், அந்த இரைச்சல் என் தலைக்கு மேலே கேட்கிறது.