காஸ் வைக்கப் போகும் வழி

மழை பெய்தால் அத்தைக்கு மூச்சு இழுப்பு வரும். மழை இல்லாவிட்டால் துறைமுகச் சாலையில் லோரிகள் கிளப்பும் புழுதியில் வரும். இரண்டும் இல்லாத நாளில் எதிர்வீட்டுச் சீனர் சாமிக்குக் கட்டுக்கட்டாக ஊதுவத்தி கொளுத்துவார், அதில் வரும். வருவதற்கு அதற்கு ஏதாவது ஒரு சாக்கு கிடைத்துக்கொண்டே இருந்தது. மாமாவும் அத்தையும் அதற்குப் பயந்தார்கள் என்று சொல்ல முடியாது. பயப்படுவதற்கும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டும். இருவருக்கும் அது எப்போதோ தீர்ந்து போயிருந்தது.

மாமா என் அம்மாவின் தம்பி. கிள்ளான் துறைமுகத்தில் லோரி ஓட்டினார். வீடு பக்கத்திலேயே பண்டமாரானில். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. என் அப்பா அம்மா இரண்டு பேரும் ஃபேக்டரிக்குப் போனதால் பள்ளி விட்டதும் என்னை அங்கே சேர்த்துவிடுவார்கள். விடுமுறை என்றால் பகல் முழுக்க அங்கேதான். எண்பதுகளின் தொடக்கம் அது, எனக்கு ஒன்பது வயது. அத்தை வாய் ஓயாமல் பேசுவார், பேசுவதை விட அதிகமாகச் சிரிப்பார். மூச்சுக்குத் தட்டுப்பாடு உள்ள ஒருவர் அதை இப்படித் தாராளமாகச் செலவழித்தது இப்போது நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது.

இழுப்பு முற்றிவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காஸ் வைக்க வேண்டும். மூக்கையும் வாயையும் மூடி ஒரு முகமூடி மாட்டுவார்கள். அதற்குள் மருந்து புகையாக வரும். அதைத்தான் எல்லோரும் காஸ் என்பார்கள். வீட்டில் போன் கிடையாது. தெருக்கோடிக் கடையில் போன் போட்டு, ஆம்புலன்ஸ் வரும் என்று காத்திருப்பதற்குள் காரிலேயே போய்ச் சேர்ந்துவிடலாம் என்பது மாமாவின் கணக்கு. வேலையிடத்து லோரியை ஆமை மாதிரி ஓட்டுகிற மாமா, அந்தப் பழைய காரில் அத்தையை ஏற்றிவிட்டால் வேறு ஆளாகிவிடுவார்.

அதற்கென்று ஒரு முறை இருந்தது. பகலிலேயே முன்விளக்கைப் போட்டுக்கொள்ள வேண்டும். சன்னல் வழியாக ஒரு வெள்ளைத் துண்டை ஆட்டிக்கொண்டே போக வேண்டும். காரில் உயிருக்குப் போராடும் ஆள் இருக்கிறார், வழி விடுங்கள் என்று அர்த்தம். யார் ஆரம்பித்து வைத்தார்களோ, எங்கள் பக்கத்தில் எல்லோரும் அதைத்தான் செய்தார்கள். என்னைத் தனியாக வீட்டில் விட முடியாது என்பதால் நானும் பின்சீட்டில் ஏறிக்கொள்வேன். துண்டு என் கையில். அத்தை முகம் துடைக்கிற துண்டு, ஓரத்தில் சிவப்புக் கோடு போட்டது. அந்தத் துண்டை ஆட்டினால் சிவப்பு விளக்கைத் தாண்டலாம் என்பது அரசாங்கம் போட்ட சட்டம் என்றே நான் நம்பியிருந்தேன். மாமாவும் நம்பியிருந்தார் போலத்தான் தெரிந்தது.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பும் சிம்பாங் ஒரு பெரிய நாற்சந்தி. அங்கே பகல் வேளையில் ஒரு போக்குவரத்துப் போலிஸ்காரர் நிற்பார். தமிழர். வெள்ளைச் சட்டை முதுகில் வியர்வையில் ஒட்டியிருக்கும். துண்டைப் பார்த்ததும் முதல் தடவை அவர் ஓடிவந்து மற்ற வண்டிகளை நிறுத்தி எங்களை விட்டார். மாமாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

"பார்த்தியா, நம்ம ஆளு!" என்றார்.

காஸ் வைத்து முடித்தால் அத்தைக்கு அகோரப் பசி எடுக்கும். ஆஸ்பத்திரிக்கு எதிரே மரத்தடியில், தமிழ் முஸ்லிம் ஒருவர் நடத்தும் மாமாக் கடை. அங்கே வறுத்த நூடுல்ஸான மீ கோரேங்கும், நுரைக்க ஆற்றிய தே தாரே தேநீரும் வாங்கிக் கொடுப்பது வழக்கம். அன்றும் அத்தை ஒரு தட்டைக் காலி பண்ணிவிட்டு, கார் ஓட்டும்போது மாமா முகம் போகிற போக்கை நடித்துக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். வேலை முடிந்து தேநீர் குடிக்க வந்த அந்தப் போலிஸ்காரர் எங்களைப் பார்த்தார். அத்தையைப் பார்த்தார். காலியான தட்டைப் பார்த்தார். போய் வேறு மேசையில் உட்கார்ந்துகொண்டார்.

இதுதான் அந்த நோயில் உள்ள கேடு. வரும்போது ஆளைக் கொல்லும். போனபின் வந்ததற்கு ஓர் அடையாளம்கூட இருக்காது.

அடுத்த தடவை அவர் எங்களை மறித்துவிட்டார். நாங்கள் சிவப்பைத் தாண்டியிருந்தோம். நான் துண்டை அவர் முகத்துக்கு நேராகவே ஆட்டினேன்.

"லைட்டு சிவப்பு. பாக்கலயா அண்ணே?"

"பொண்டாட்டிக்கு இழுப்பு பாஸ், கண்ணு தெரியலயா?" என்றார் மாமா.

"அன்னிக்கும் இழுப்புதான். அப்புறம் பார்த்தா அக்கா மீ கோரேங் சாப்புட்டுக்கிட்டு இருக்காங்க."

அந்த நிலையிலும் அத்தைக்கு அதைக் கேட்டுச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்க மூச்சு இல்லை. தோள்பட்டை இரண்டும் காதுவரை ஏறி இறங்க, தொண்டையில் விசில் மாதிரி ஒரு சத்தம் மட்டும் வந்தது. போலிஸ்காரர் குனிந்து பார்த்தார். அவர் முகம் மாறியது. ஆனால் மாமாவின் வாய் சும்மா இருக்கவில்லை.

"நம்ம ஆளா இருந்துகிட்டு இப்படிப் பண்றீங்களே!"

"நம்ம ஆளா இருக்கறதுதான் அண்ணே தலவலி. உங்கள விட்டா, அவன் ஆளுன்னு விட்டுட்டான்னு ஸ்டேசன்ல சொல்வானுங்க. ஆம்புலன்ஸ், பொம்பா, போலிஸ், இதுங்களுக்குத்தான் சிவப்புல போற உரிமை. டவல ஆட்டுனா உங்க காரு ஆம்புலன்ஸ் ஆயிடுமா?"

சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறினார். "பின்னாடியே வாங்க," என்றார். சைரனைப் போட்டுக்கொண்டு எங்களுக்கு முன்னால் பறந்தார். பொம்பா என்கிற தீயணைப்பு வண்டிக்கு விலகுவது போல பஸ்ஸும் லோரியும் ஓரம் ஒதுங்கின. எனக்கு வானத்தில் பறப்பது போல இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் அத்தையைத் தள்ளுநாற்காலியில் உட்கார வைக்க அவரே கை கொடுத்தார். அத்தை உள்ளே போனதும், பையிலிருந்து புத்தகத்தை எடுத்து, நிதானமாக மாமாவுக்கு ஓர் அபராதச் சமன் எழுதினார்.

"இது சிவப்புல வந்ததுக்கு அண்ணே. கூட்டிகிட்டு வந்தது வேற விசயம்."

மாமா அன்று முழுக்கப் பொரிந்து தள்ளினார். "கொண்டாந்தும் விடுவானாம், சமனும் குடுப்பானாம்! என்னா மனுசன்லா இவன்!"

"மந்திரி பொண்டாட்டிக்குக்கூட இந்த மரியாத கெடச்சிருக்காதுங்க," என்றார் அத்தை, மீ கோரேங்கை மென்றுகொண்டே.

அந்த அபராதத்தை விட அதற்குச் சில வாரம் கழித்து நடந்த ஒன்றுதான் அத்தையை மாற்றியது. அது வேறொரு சிம்பாங். அங்கே போலிஸ் யாரும் இல்லை. மாமா சிவப்பில் நுழைந்தபோது பள்ளிச் சீருடையில் ஒரு பையன் சைக்கிளில் குறுக்கே வந்துவிட்டான். மாமா மிதித்த பிரேக்கில் நான் முன்சீட்டில் போய் மோதினேன். பையன் சைக்கிளோடு விழுந்தான். புத்தகங்கள் சாலையெல்லாம் சிதறின. அடி ஒன்றும் இல்லை, எழுந்துகொண்டான். ஆனால் அவன் காரைப் பார்த்த பார்வையை அத்தை பார்த்துவிட்டார். நான் கைநீட்டித் துண்டை ஆட்டிக்கொண்டேதான் இருந்தேன், அது ஏதோ எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்பது போல.

அதன் பிறகு காரில் ஏறியதும் அத்தை சொல்லும் முதல் வார்த்தை "மெதுவா போங்க" என்பதுதான். மூச்சே வராத நேரத்தில் இருக்கிற கொஞ்ச மூச்சையும் அதற்குச் செலவழிப்பார். மாமா கேட்கமாட்டார். கேட்கிற வேகத்தில் அவர் இருந்ததில்லை. அதனால் அத்தை வேறு வழி கண்டுபிடித்தார். இழுப்பு வந்தாலும் சொல்லாமல் இருக்க ஆரம்பித்தார்.

சமையலறை மேசையைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்பார். நான் பார்த்துவிட்டால் உதட்டில் விரலை வைத்துக் காட்டுவார். மாமா வந்து, "என்னா, போவமா?" என்று கேட்டால், "வேணாங்க, கொறஞ்சிரும். இன்னும் கொஞ்சம் பாப்போம்," என்பார். சில நாள் குறைந்தும் விடும். குறையாத நாளில், கிளம்பும்போது முன்பு எப்போதையும் விட நேரமாகியிருக்கும். அதனால் மாமா முன்பு எப்போதையும் விட வேகமாகப் போவார். அந்த வேகத்தைப் பார்த்து அத்தை அடுத்த முறை இன்னும் தள்ளிப்போடுவார். ஒருவரை ஒருவர் காப்பாற்ற நினைத்தே இரண்டு பேரும் களைத்துப் போனார்கள்.

வருடக் கடைசி விடுமுறை. காலையிலிருந்து விடாத மழை. மாமா இரவு வேலை முடிந்து வந்து அப்போதுதான் படுத்திருந்தார். அத்தை வெகுநேரமாகச் சமையலறையை விட்டு வரவில்லை. நான் கூடத்தில் படம் வரைந்துகொண்டிருந்தேன். மேசையை யாரோ தட்டும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் அத்தைதான். பேச முடியவில்லை. படுக்கையறைப் பக்கம் கையைக் காட்டினார்.

மாமா சட்டையைப் போட்டுக்கொள்ளாமல், பனியனோடு காரை எடுத்தார். அன்று அத்தை "மெதுவா போங்க" என்று சொல்லவில்லை. நான் மழையில் கையை நீட்டித் துண்டை ஆட்டினேன். அது நனைந்து கனத்து என் கையிலேயே சுற்றிக்கொண்டது. ஆஸ்பத்திரிச் சிம்பாங்கில் அந்தப் போலிஸ்காரர் மழைக்கோட்டில் நின்றிருந்தார். தூரத்திலேயே எங்கள் விளக்கைப் பார்த்திருக்க வேண்டும். நாங்கள் நெருங்குவதற்கு முன்பே சாலை நடுவில் வந்து, இரண்டு கையையும் விரித்து மற்ற வண்டிகளை நிறுத்திவிட்டார். எங்கள் பக்கம் சிவப்பா பச்சையா என்று அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடந்து போகும்போது அத்தை அவரைப் பார்த்து ஒரு கையை லேசாகத் தூக்கினார்.

ஆஸ்பத்திரியில் நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நேரம் போய்க்கொண்டே இருந்தது. பசித்தது, மீ கோரேங் நினைப்பு வந்தது. மாமா வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். என் கையிலிருந்த ஈரத் துண்டை வாங்கி, தரையில் சொட்டச் சொட்டப் பிழிந்தார். பிழிய ஒன்றும் இல்லாமல் போனபிறகும் பிழிந்துகொண்டே இருந்தார்.

"அத்தை எங்க மாமா?"

"இங்கதான்மா இருக்கா. நம்ம வீட்டுக்குப் போவோம். அம்மாகிட்டச் சொல்லணும்."

அதற்கு முன்பும் ஒருமுறை அத்தையை வார்டில் படுக்க வைத்திருந்தார்கள். இதுவும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன். முன்சீட்டில் உட்காரலாமா என்று கேட்டேன். வேண்டாம், பின்னாலேயே உட்கார் என்றார். முன்சீட்டுக்குக் கீழே அத்தையின் செருப்பு ஒன்றன்மேல் ஒன்று கிடந்தது.

மாமாக் கடையைத் தாண்டும்போது மாமா திரும்பிப் பார்க்கவில்லை. சாலையோர முனீஸ்வரர் கோயிலைத் தாண்டும்போது எந்த அவசரத்திலும் சாமிக்கு ஒரு ஹாரன் அடிக்கிறவர், அன்று அடிக்கவில்லை. இடது ஓரமாகவே போனார். பஸ்ஸுக்கு வழி விட்டார். மஞ்சள் விளக்கைப் பார்த்ததுமே காரை நிறுத்தினார். எனக்கு நம்ப முடியவில்லை. மாமா ஒருவழியாகத் திருந்திவிட்டார் என்று சந்தோஷப்பட்டேன்.

"அத்தைகிட்டச் சொல்லணும் மாமா. நீங்க மெதுவா ஓட்டுனீங்கன்னு."

"சொல்லும்மா," என்றார்.

நாற்சந்தியில் சிவப்பு. கோட்டுக்குப் பின்னால் ஒழுங்காக நிறுத்தினார். எங்களைக் கண்டதும் போலிஸ்காரர் மழையில் நடந்து வந்து சன்னல் பக்கம் குனிந்தார். "அக்காவுக்கு எப்படி..." என்று ஆரம்பித்தவர் காலிச் சீட்டைப் பார்த்தார். செருப்பைப் பார்த்தார். பிறகு மாமாவை. மாமா நேராகச் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போலிஸ்காரர் நிமிர்ந்தார். திரும்பி நடந்து சாலை நடுவில் போய் நின்றார். எங்களுக்கு இன்னும் சிவப்புதான். அவர் இரண்டு கையையும் விரித்து எல்லாப் பக்கத்து வண்டிகளையும் நிறுத்தி, எங்களைப் பார்த்துப் போகும்படித் தலையசைத்தார்.

மாமா கியரைத் தொடவில்லை.

"போங்க மாமா, விட்டுட்டாரு!" என்றேன். எனக்கு ஒரே கொண்டாட்டம். நன்றாக ஓட்டியதற்கு மாமாவுக்குக் கிடைத்த பரிசு இது என்று நினைத்தேன். சன்னலுக்கு வெளியே துண்டை நீட்டி அவருக்கு ஆட்டிக் காட்டினேன். அவர் திருப்பிக் கையசைக்கவில்லை. பின்னாலிருந்து ஒரு லோரி ஹாரன் அடித்தது.

அன்று மாலை அம்மா வாசலிலேயே விழுந்து அழுதபோதுதான் அத்தை இனி வரமாட்டார் என்று தெரிந்துகொண்டேன். ஆனால் அந்தச் சிம்பாங்கில் நின்றபோது எனக்கு எரிச்சல் எரிச்சலாகத்தான் வந்தது. இத்தனை நாள் சண்டை போட்டுப் பெற்ற வழியை ஒருவர் மழையில் நனைந்துகொண்டு திறந்து வைத்திருக்கிறார். மாமா விளக்கு பச்சையாகும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.