நான் கேட்காத ஐந்தாவது பாட்டு

என் மகள் நிவேதா தானே எழுதிப் பாடிய ஆறு பாட்டுகளைப் போன வருடம் தன் முதல் ஆல்பமாக இணையத்தில் வெளியிட்டாள். எங்கள் குடும்பத்தில் யாரும் செய்யாத காரியம். பெருமையோடு உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன்.

"சளி பிடிச்ச கொரலு", "கல்யாண வயசுல இதெல்லாம் தேவையா" என்று பதில்கள் வந்தன. அவள் சாப்பிடும்போது அவற்றை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன். அவள் நல்லதுக்குத்தான் என்று நினைப்பு.

"நீ முழுசா கேட்டியாம்மா?"

"மொதப் பாட்டு கொஞ்சம் கேட்டேன். எனக்கும் பிடிக்கலடி."

பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவிவிட்டாள்.

அடுத்த மாதம் கறம்பக்குடி சந்தையில் ஒரு கல்லூரிப் பெண் என்னிடம் வந்தாள். "நீங்க நிவேதா அக்காவோட அம்மாதானே? எங்கப்பா தவறுனப்ப அந்த அஞ்சாவது பாட்டுதாங்க எனக்குத் துணை. இப்பத் தேடுனா காணோமே?"

வீட்டுக்கு வந்ததும் நிவேதாவிடம் கேட்டேன்.

"எல்லாத்தையும் அழிச்சுட்டேம்மா. எங்கிட்டயும் இல்ல."

"அது என்ன பாட்டுடி?"

"அப்பாவப் பத்தினது."

என் கணவர் இறந்து மூன்று வருடமாகிறது. நான் அழுதுவிடுவேன் என்று வீட்டில் அவள் அவரைப் பற்றிப் பேசுவதே இல்லை. "ஒருதடவ பாடேன்டி" என்று கெஞ்சினேன். "வரலம்மா" என்றாள்.

இப்போதெல்லாம் யார் எதைக் காட்டினாலும் முழுதாகப் பார்த்து, கேட்டபிறகே வாய் திறக்கிறேன். அடுத்தவர் சொன்னதைக் கொண்டுபோய்ச் சொல்வதில்லை. நிவேதாதான் இன்னும் என்னிடம் எதையும் காட்டவில்லை.

– ஒரு வாசகி, கறம்பக்குடி